பத்தாம் நம்பர் சட்டை

எங்கள் கால்பந்து கிளப் ஓர் அடிதடியில்தான் பிறந்தது. ஆண்டு விழா நோட்டீஸில் 'விளையாட்டு ஆர்வமுள்ள இளைஞர்களால் தொடங்கப்பட்டது' என்று போடுவார்கள். சுத்தப் பொய். தலத்தெருப் பையன்கள் பன்னிரண்டு பேர், காரைக்கால் டவுனில் பெரிய கிளப் ஒன்றின் மைதானத்தில் ஓரமாக ஆடிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவர்கள் பிராக்டிஸ் முடிந்து போகிற போக்கில் எங்கள் பந்தைப் பிளேடால் கிழித்துவிட்டுப் போனார்கள். துபாயிலிருந்து வந்த பந்து அது. எங்களுக்குப் பின்னாளில் கேப்டனான நானாவின் வாப்பா கொண்டுவந்தது. நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். என்னைவிட நான்கு வயது பெரியவர். என்னைப் போன்ற இந்து வீட்டுப் பையன்களுக்கும் அவர் நானாதான், தெருவே அப்படித்தான் கூப்பிடும்.

நானா கிழிந்த பந்தைத் தூக்கிப் பார்த்தார். கார்னரில் நட்டிருந்த மூங்கில் கழியைப் பிடுங்கினார். மற்ற மூன்று மூலைக் கழிகளையும் நாங்கள் பிடுங்கினோம். அன்றைக்கு ஆறு பேருக்குத் தையல், அதில் நான்கு பேர் அவர்கள் ஆட்கள். மறுநாள் காலை டீக்கடையில் கூடினோம். ஒருவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், மீதிப் பதினோரு பேர். "பதினோரு பேரு இருக்கோம்டா. டீம் ஆயிடுச்சு" என்றார் நானா. அவ்வளவுதான் எங்கள் தொடக்க விழா. அன்றிலிருந்து கார்னர் கழிக்கு மூங்கில் வாங்கும்போது நாங்கள் கனம் பார்த்துத்தான் வாங்குவோம்.

எனக்கு நான்காம் நம்பர் சட்டை. ஸ்டாப்பர் பேக். அழகாக ஆடத் தெரியாது, இன்றுவரை தெரியாது. பந்தை மார்பில் வாங்குவது, தலையால் திருப்புவது எல்லாம் மற்றவர்கள் செய்வார்கள். எதிர் டீமில் நன்றாக ஆடுகிறவன் யாரோ அவனை ஆடவிடாமல் செய்வதுதான் என் வேலை. பகலில் ஏசி ரிப்பேர், சாயங்காலம் ஆள் ரிப்பேர் என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. நான் மைதானத்தில் இறங்கினால் எதிர் டீம் ஃபார்வேர்டு என் காலைத்தான் முதலில் பார்ப்பான், பந்தை அப்புறம்தான் பார்ப்பான். வீட்டில் எனக்கு முன்கோபி என்று பெயர். கிளப்பில் அதே கோபத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. இருபத்திரண்டு வயதில் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும்!

இவ்வளவு அடிதடி நடந்தும் எங்கள் பக்கத்தில் எந்த கிளப்பும் போலீசுக்குப் போனதில்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவன் வெளிநாட்டுக்கு விசா பார்த்துக்கொண்டிருப்பான், இல்லாவிட்டால் அரசு வேலைக்கு எழுதிப் போட்டிருப்பான். கேஸ் என்று ஒன்று விழுந்தால் பாஸ்போர்ட்டும் போச்சு, வேலையும் போச்சு. இன்றைக்கு நாம் அவன் மேல் கேஸ் கொடுத்தால் நாளைக்கு அவன் நம் மேல் கொடுப்பான். அதனால் கிளப்புகள் தங்களுக்குள்ளேயே ஒரு வழக்கம் வைத்திருந்தன. 'சட்டை ஈடு' என்று சொல்வோம்.

அது இதுதான். மேட்சில் ஒருவன் இன்னொருவனை இனி ஆட முடியாதபடி அடித்துவிட்டால், அடித்தவன் அடிபட்டவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அடிபட்டவனுடைய டீமுக்கு ஆட வேண்டும். வந்தவனை அவர்கள் ஓரமாக உட்கார வைக்கக் கூடாது, ஒவ்வொரு மேட்சிலும் இறக்கியே தீர வேண்டும். அந்தச் சட்டையில் இருக்கும்வரை அந்த ஊர்க்காரர்கள் யாரும் அவன் மேல் கை வைக்கக் கூடாது. அடிபட்டவன் குணமாகி, தன் காலால் நடந்து வந்து, தன் வாயால் 'குடு' என்று கேட்டால்தான் சட்டை கழலும். வேறு யார் சொன்னாலும் கழலாது. இதை மீறுகிற கிளப்போடு மற்ற எந்த கிளப்பும் ஆடாது. யார் இதை ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டவரைக்கும் இரண்டு வாரம், மூன்று வாரம் சட்டை மாறும், கால் வீக்கம் வடியும், திரும்பி வந்துவிடுவார்கள். சிரிப்பாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் அரையிறுதி எங்களுக்கும் கோட்டுச்சேரி டீமுக்கும். அவர்கள் ஊரிலேயே, அறுப்பு முடிந்த வயலில் கோடு போட்டு ஆட்டம். மண் கட்டி காலில் குத்தும். அவர்களுடைய பத்தாம் நம்பர் என் வயசுப் பையன், விவசாயக் குடும்பம், இடது கால் ஆட்டக்காரன். ஊரில் எல்லாரும் அவனைப் 'பத்து' என்றே கூப்பிட்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே மைக்கில் அறிவித்தார்கள்: "அடுத்த வாரம் விளையாட்டு கோட்டாவுல போலீஸ் வேலை செலக்சனுக்குப் போற நம்ம பத்துக்கு எல்லாரும் பலமா ஒரு கைதட்டு குடுங்க!" நானும் கேட்டேன். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை.

நானா என் தோளில் கை போட்டார். "பந்த வுடு. அவனப் பாத்துக்க" என்றார்.

பின்னாளில், நானா சொன்னதால்தான் செய்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். நானா எல்லா மேட்சிலும் அதைத்தான் சொல்வார். அன்றைக்கு நடந்தது வேறு. முதல் பாதியில் பத்து என் கால் சந்தில் பந்தைப் போட்டு அந்தப் பக்கம் போய் எடுத்தான். கூட்டம் விசில் அடித்தது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அதே சந்து, அதே மாதிரி. இந்தத் தடவை மைக்குக்காரன் "கதவத் தெறந்து வெச்சிருக்காரு நாலாம் நம்பரு, தாராளமாப் போங்க!" என்றான். வயலே சிரித்தது. எனக்கு அப்படியே தலைக்கு ஏறிவிட்டது. காது அடைத்துப்போனது. மூன்றாவது முறை அவன் வந்தபோது நான் பந்தைப் பார்க்கவே இல்லை. இடது முழங்காலைப் பார்த்து, இரண்டு காலையும் சேர்த்துப் பாய்ந்தேன்.

பச்சை மூங்கில் பிளக்கிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் மட்டும் கேட்கவில்லை, கோட்டுக்கு வெளியே நின்ற ஜனமும் கேட்டது. மைக்கும் நின்றுபோனது. பத்து கத்தவில்லை. தன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, செலக்சன்" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகுதான் கத்தினான்.

அப்புறம் நடந்ததைக் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது. கூட்டம் கயிற்றைத் தாண்டி வந்தது. முதல் அடி என் முதுகில், எதை வைத்து அடித்தார்கள் என்று தெரியாது. நானாவும் பையன்களும் என்னை நடுவில் வைத்து இழுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். மண்கட்டி, செங்கல், சோடா பாட்டில் எல்லாம் வந்தது. வேன் கண்ணாடி முழுக்கக் கொட்டிப்போனது. நானா என்னைச் சீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே தான் உட்கார்ந்துகொண்டார். அவர் நெற்றியிலிருந்து ரத்தம் என் கழுத்தில் சொட்டியது. "செத்தோம்டா" என்று டிரைவர் அழுதான். "ஓட்டு மொதல்ல, அப்புறம் சாவலாம்" என்றார் நானா. எப்படியோ வேனை எடுத்துவிட்டான்.

நான்கு நாள் கழித்து இரண்டு கிளப்பும் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். கோட்டுச்சேரி கிளப் செக்ரட்டரி உரக்கடை வைத்திருப்பவர், நிதானமான மனுஷன். பத்துவுக்கு எலும்பும் உடைந்து முட்டியும் கிழிந்திருப்பதாகச் சொன்னார். செலக்சன் முடிந்த கதை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வருத்தத்தில் இல்லை. பத்துவின் அண்ணன் முறை ஒருவன் எதிரில் அருவாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவன் கண்ணைப் பார்க்கப் பயம்.

"கேஸு குடுத்தா உங்க பையன் வாழ்க்கை போயிடும். எங்க புள்ள வாழ்க்கை ஏற்கெனவே போயிடுச்சு. நம்ம வழக்கப்படி சட்டைக்கு அனுப்புங்க" என்றார் செக்ரட்டரி.

"எத்தன நாளைக்குண்ணே?" என்று நானா கேட்டார்.

"அவன் நடந்து வந்து கேக்குற வரைக்கும்."

நான் நானாவைப் பார்த்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் என் நான்காம் நம்பர் சட்டையை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். "போயிட்டு வா. ஒன் சட்டைய வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்" என்றார்.

இப்படித்தான் நான் கோட்டுச்சேரியின் பத்தாம் நம்பர் ஆனேன். பந்தை நிறுத்தத் தெரியாத ஸ்டாப்பர் பேக்குக்குப் பத்தாம் நம்பர்! சட்டையில் அவன் வியர்வை நாற்றம் போகவில்லை, அவன் அம்மா துவைக்காமலேயே கொடுத்தனுப்பியிருந்தார். முதல் நாள் மைதானத்துக்குப் பத்துவின் அப்பா வந்தார். வயலிலிருந்து நேராக, கையில் மண்வெட்டியோடு. என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைப் பார்த்தார். மண்வெட்டியை ஓங்கிவிட்டார். செக்ரட்டரி பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "சட்டை மேல இருக்குண்ணே! சட்டையக் கழட்டுன பெறவு என்ன வேணா பண்ணிக்குங்க!" அவர் மண்வெட்டியை இறக்கி என் கால் பக்கத்தில் மண்ணில் ஓங்கிக் கொத்தினார். மண்வெட்டியின் இலை முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. அதைப் பிடுங்காமலேயே வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நான் கழற்றுவதே இல்லை. தலத்தெரு திருப்பம் வரும்வரை அதைப் போட்டுக்கொண்டுதான் பைக் ஓட்டுவேன். பின்னாலேயே இரண்டு பைக் வரும். நான் சட்டையைக் கழற்றுகிறேனா என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். திருப்பத்தில் நின்று என்னை நன்றாகத் திட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள். கோடை முழுக்க இந்த ஊர்வலம் நடந்தது.

கோட்டுச்சேரிக்காரன் என்னைத் தொடக் கூடாது, சரி. என் சொந்த கிளப்புக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாதே! அடுத்த டோர்னமென்டில் தலத்தெருவை எதிர்த்து நான் ஆட வேண்டி வந்தது. நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் எனக்கே செய்தார்கள். கார்னர் எடுக்கும்போது விலாவில் முழங்கை. தலையால் முட்டக் குதித்தால் கணுக்காலில் பூட்ஸ். இரண்டாம் பாதியில் நானாவே என் மேல் ஏறினார். வாய் கிழிந்து மண்ணில் கிடந்தேன். குனிந்து தூக்கிவிடுகிற மாதிரி வந்து காதில் சொன்னார்: "ஒன்ன அடிக்கலடா. அந்தச் சட்டைய அடிச்சேன்." பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைக் கடித்துத் துப்பியிருப்பேன். ஆனால் அவர் இடுப்பில் என் நான்காம் நம்பர் சட்டையைக் கட்டியிருந்தார். வேறு எவனுக்கும் கொடுக்கவில்லை என்று எனக்குக் காட்டத்தான். எழுந்து போய் ஆடினேன்.

ஒரு மாதம், இரண்டு மாதம் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் ஆயிற்று. பத்துவுக்கு ஒரு ஆபரேசன், அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு மேட்சிலும் வயல் வரப்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வழியாகத்தான் அவன் நடந்து வர வேண்டும். கோல் போட்டாலும் வரப்பைப் பார்ப்பேன், அடிபட்டுக் கிடந்தாலும் வரப்பைப் பார்ப்பேன். எனக்கு என் டீம் வேண்டும், என் சட்டை வேண்டும். தலத்தெருப் பையன்கள் கோப்பை ஜெயித்து வேனில் கத்திக்கொண்டு போன அன்று, நான் ஒரு வீட்டுக் கூரையில் ஏசி மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே பார்த்துக் கை ஆட்டினேன். ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்பேனரை விட்டெறிந்தேன், அது அந்த வீட்டுக்காரர் கார் கண்ணாடியில் விழுந்தது. அந்த மாதச் சம்பளம் அதோடு சரி.

அவனைப் போய் ஒருமுறை பார்த்திருக்கலாம். போகவில்லை. மன்னிப்புக் கேட்டால் அழுதுவிடுவேனோ என்று ஒரு வீம்பு. அவன் தினமும் விடியற்காலையில் காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு தூக்குகிறான், சைக்கிள் மிதிக்கிறான் என்று செக்ரட்டரி சொல்வார். "ஆட்டத்து மேல அவ்ளோ வெறிப்பா அவனுக்கு" என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், சந்தோஷப்பட்டேன். சீக்கிரம் வாடா, வந்து கேளுடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வந்தான். தலத்தெருவோடு மேட்ச் இருந்த நாளாகப் பார்த்து வந்தான். வரப்பு மேல் மெதுவாக, இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு. என் முன்னால் வந்து நின்று, "குடு" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். எதிர்ப்பக்கம் நானா என் நான்காம் நம்பரை இடுப்பிலிருந்து அவிழ்த்து வீசினார். போட்டுக்கொண்டு ஓடினேன். என் பையன்கள் என் முதுகில் அடித்தார்கள், தலையில் தட்டினார்கள். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த மேட்சிலும் இறங்கியதில்லை.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட இல்லை. பந்து மைதானத்தின் அந்த மூலையில் இருந்தது. இந்தப் பக்கம் பத்து என்னை நோக்கி ஓடி வந்தான். நொண்டிக்கொண்டு, ஆனால் நேராக. பந்தே இல்லையே, இவன் ஏன் வருகிறான் என்று யோசித்தேன். முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சட்டை என் மேல் இருக்கும்வரை அவன் என்னைத் தொட முடியாது. இரண்டு வருஷம் மணல் மூட்டை தூக்கியது ஆட வருவதற்காக இல்லை. என் மேலிருந்து அந்தச் சட்டையை எடுப்பதற்காக.

விலகியிருக்கலாம், நேரம் இருந்தது. விலகவில்லை. அவன் உடம்பை முழுக்கத் தூக்கி என் வலது கெண்டைக்கால் மேல் விழுந்தான். எலும்பு போனது எனக்கே தெரிந்தது. வலியில் அவன் தலைமுடியைப் பிடித்தேன், அவன் என் கழுத்தைப் பிடித்தான். இரண்டு பேரும் புழுதியில் ஒருவர் மூஞ்சியில் ஒருவர் கத்தினோம். என்ன கத்தினோம் என்று நினைவில்லை. மறுபடியும் மூங்கில், மறுபடியும் வேன். நான் ஸ்ட்ரெச்சரில் போகும்போது பின்னால் நானாவின் குரல் கேட்டது: "வழக்கம் வழக்கந்தான்! அவன் இப்ப எங்களுக்குச் சட்டைக்கு வரணும்!"

அப்படியாகப் பத்து, தலத்தெருவின் நான்காம் நம்பர் ஆனான்.

என் கால் நான்கு மாதத்தில் கூடிவிட்டது. ஐந்தாவது மாதம் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் ஓடிப் பார்த்தேன். வலிக்கவில்லை. குதித்தேன், வலிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்ச் சட்டையைக் கேட்பது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை கோட்டுச்சேரி செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு வந்தார், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு.

"கால் எப்பிடிப்பா இருக்கு?"

"பரவால்லண்ணே."

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஒன் மேல வுழுந்ததுல அவன் முட்டி மறுபடியும் போயிடுச்சு. எங்க டீம்ல இனிமே அவன எறக்க முடியாது, புதுசா ஒரு பத்து வந்துட்டான். ஒங்க ஆளுங்க சட்டைக்கு வந்தவன ஒக்கார வெக்கக் கூடாதுல்ல, அதனால எறக்குறாங்க. ஒன் சட்டை மேல இருக்குற வரைக்குந்தான் அவனுக்கு ஆட்டம். நீ கேட்டுட்டன்னா அதோட சரி."

"நான் என்னாண்ணே பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா. தெரிஞ்சுக்கன்னுதான் சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் என் காலை உடைத்தவன். நான் அவன் வேலையை, வாழ்க்கையை உடைத்தவன். சரிக்குச் சரி ஆகிவிட்டது, இனிமேல் எனக்கென்ன என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கைலிக்குள்ளே ஆட்ட டவுசரைப் போட்டுக்கொண்டேதான் கிளம்பினேன்.

எங்கள் மைதானம் ஆற்றோரம், உப்பு மண். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டீம் வந்திருந்தது. அவர்களுக்கு நம் சட்டை ஈடெல்லாம் கிடையாது. அடித்தால் அடித்ததுதான். கோட்டருகே பத்து உட்கார்ந்து முட்டியில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டிருந்தான். நான் வருவதைப் பார்த்தான். எழுந்து நின்றான். என் கால்களையே பார்த்துக்கொண்டு, சட்டையின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் கேட்டால் உடனே கழற்றிவிட வேண்டும், அதற்குத் தயாராக. வரப்பைப் பார்த்து நான் நின்ற நிற்பெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் விடுதலைக்காகப் பார்த்தேன், இவன் பயந்துகொண்டு பார்த்தான்.

எனக்கே தெரியாமல் வலது காலை இழுத்து நொண்ட ஆரம்பித்தேன்.

"இன்னும் சரியாவலையா?" என்றான்.

"இல்ல. இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும்னு டாக்டர் சொல்றாரு."

அவன் என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "ரெண்டு வருஷம் நொண்டுனவன்டா நான். நொண்டி எப்பிடி நடப்பான்னு எனக்குத் தெரியாதா?" என்றான். ஆனால் சட்டையை விட்டுவிட்டான். அதை டவுசருக்குள் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் போனான். நான் வெளியே தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் சட்டை, என் இடம், என் டீம். இருந்தாலும் ஆடட்டும் கழுதை என்று விட்டுவிட்டேன்.

ஸ்டாப்பர் இடத்தில் நின்றும் அவன் ஆட்டம் அழகாகத்தான் இருந்தது. ஓட முடியாது, ஆனால் பந்து எங்கே வரும் என்று முன்னாலேயே போய் நிற்பான். அரை மணி நேரம் ஆகியிருக்கும். எதிர் டீமில் ஒரு தடியன், பந்து போன பிறகு, வேண்டுமென்றே, அந்தக் கட்டுப்போட்ட முட்டியில் காலால் உதைத்தான். பத்து சுருண்டு விழுந்தான். தடியன் சிரித்தான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. தென்னை மரத்தடியிலிருந்து பாதி மைதானம் ஓடியிருக்கிறேன். கைலி வழியில் எங்கேயோ அவிழ்ந்து விழுந்துவிட்டது. தடியன் திரும்புவதற்குள் அவன் தாடையில் ஒன்று விட்டேன். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து இன்னும் இரண்டு. நான்கு பேர் சேர்ந்து என்னை இழுத்தார்கள். உதறிவிட்டு மறுபடியும் அவனை உதைக்கப் போனேன், உடைந்துபோன அதே வலது காலால்.

அப்போதுதான் கவனித்தேன், யாரும் தடியனைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையும், கைலிக்குள்ளே போட்டு வந்த ஆட்ட டவுசரையும்.

நானா பக்கத்தில் வந்தார். "ஏன்டா, காலு எப்படா சரியாச்சு?" என்றார்.

பத்து தரையில் கையூன்றி, ஒற்றைக் காலில் எழுந்தான். நொண்டிக்கொண்டே என் முன்னால் வந்து நின்றான். "கேளு" என்றான்.

"வேணாம்டா."

"ஊரே பாத்துடுச்சு. இனிமே இதப் போட்டுக்கிட்டு நான் எப்பிடி நிப்பேன்? எல்லாரும் என்னா சொல்வாங்க? கேளு."

"எனக்கு வேணாம். நீ ஆடு."

ஓங்கி என் கன்னத்தில் அறைந்தான். என்னை அறைந்தவனை நான் சும்மா விட்டதே கிடையாது. அன்றைக்குக் கை தூக்கவே முடியவில்லை. "பிச்சையாடா போடுற? கேளுடா!" என்று கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மறுபடியும் அறைந்தான்.

"குடு" என்றேன்.

கழற்றிக் கொடுத்தான். நனைந்து கனமாக இருந்தது. நான் அதைத் தலை வழியாகப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ரெஃப்ரி வந்து, வெளி ஆள் உள்ளே வந்து அடித்ததற்காக என்னை மைதானத்தை விட்டே போகச் சொல்லிவிட்டார். எங்கள் டீம் பத்துப் பேரோடு ஆடியது, தோற்றது. பத்து வெற்று மேலோடு பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றோரமாகவே நடந்து போனான். அதற்குப் பிறகு இன்றுவரை எந்த டீமுக்கும் அவன் ஆடவில்லை. அவன் காலை உடைத்துவிட்டு வேனில் வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு, அந்தச் சட்டையோடு, பைக்கை ஸ்டார்ட் பண்ணக்கூட முடியாமல் அழுதேன்.